பேனலின் பின்பக்கம்

பட்டுப்புடவை தெரிந்தவர்கள் முந்தானையைப் பார்த்து மயங்குவதில்லை. ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கத்து நூலைப் பார்ப்பார்கள். வீட்டில் கட்டிய விமானத்தைப் பார்ப்பதற்கும் இதே கண் வேண்டும். ஜூலை மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆஷ்காஷ் நகரில் நடக்கும் விமானத் திருவிழாவுக்குப் பலர் தங்கள் கைப்பட ரிவெட் அடித்துக் கட்டிய விமானங்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். புல்தரையில் வரிசையாக நிற்கும் அவற்றின் பளபளப்பையும், கருவிப் பேனலில் பதித்த பெரிய திரைகளையும் கூட்டம் பார்த்துவிட்டு நகரும். விவரம் தெரிந்தவர் மட்டும் முழங்காலிட்டுப் பேனலுக்கு அடியில் டார்ச் அடிப்பார்.

வெயிலடிக்கும் பகலில் மட்டும் பறக்கப்போகிற விமானம் என்றால் அந்த டார்ச்சுக்கு வேலை குறைவு. இரவிலும் மேகத்துக்குள்ளும் போகப்போவதாகச் சொந்தக்காரர் சொன்னால்தான் பின்பக்கம் முக்கியமாகிறது. அமெரிக்காவில் ஒரு வீட்டு விமானம் சோதனைப் பறத்தலை முடித்ததும், அதற்கான நிபந்தனைத் தாளில் ஒரு வரி இருக்கும்: விதி 91.205 கேட்கும் கருவிகள் இல்லையென்றால் பகலில், கண்பார்வையை நம்பி மட்டுமே பறக்க வேண்டும். அந்த விதியின் பட்டியல் ஒன்றும் பெரிதல்ல. இரவுக்கு இறக்கை முனை விளக்குகள், மோதல் தவிர்ப்பு விளக்கு, போதுமான மின்சாரம், கைக்கு எட்டும் மாற்று ஃபியூஸ்கள். மேகத்துக்கு, விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் ஜைரோ கருவிகள், அழுத்தத்துக்கேற்பத் திருத்தக்கூடிய உயரமானி, ரேடியோ, வழிகாட்டும் கருவி, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், நொடி காட்டும் கடிகாரம். ஒரு வேடிக்கை, தரையிறங்கும் விளக்கு வாடகைக்கு ஓட்டுபவருக்கு மட்டுமே கட்டாயம். சொந்தக்காரர் இருட்டில் இறங்க விரும்பினால் சட்டம் தடுக்காது!

மேகத்துக்குள் காதின் சமநிலை உணர்வு பொய் சொல்லும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க அவர்களுக்குச் சராசரியாக 178 நொடிகள் போதுமானதாக இருந்தன. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1929 செப்டம்பர் 24 அன்று, லாங் ஐலண்டில் விமானி ஜிம்மி டூலிட்டில் தன் இருக்கையை மூடிபோட்டு அடைத்துக்கொண்டு, கருவிகளை மட்டுமே பார்த்து ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டியிருந்தார். ஸ்பெர்ரியின் செயற்கைத் தொடுவானமும் திசை ஜைரோவும், கோல்ஸ்மன் உயரமானியும் அவர் முன்னால் இருந்தன. இன்றைய திரைகளில் தெரிவதும் அடிப்படையில் அவைதான். சாமான் வாங்குவது பணம் சம்பந்தப்பட்ட காரியம். ஒன்று செத்தால் மற்றது எப்படி உயிரோடு இருக்கும் என்று யோசித்து அமைப்பதில்தான் கலை இருக்கிறது. விதியின் பட்டியல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

முன்பெல்லாம் இன்ஜினின் பின்புறத்தில் மாட்டிய வாக்குவம் பம்ப்தான் ஜைரோக்களைச் சுழற்றியது. எண்ணெயில்லாமல் ஓடும் அந்தப் பம்ப் முன்னறிவிப்பின்றி உடையும். நின்ற ஜைரோ உடனே விழாது, மெல்ல மெல்லச் சாயும். விமானியும் அதை நம்பிச் சாய்வார். சுழலும் பாகமே இல்லாத மின்னணு உணரிகள் வந்ததும் வீட்டு விமானக்காரர்கள் பம்பைக் கழற்றி எறிந்தார்கள். ஆனால் அத்தோடு தொல்லையின் இடம்தான் மாறியது. இப்போது எல்லாமே மின்சாரத்தை நம்பி நிற்கிறது.

கான்சஸ் மாநிலத்து பாப் நக்கல்ஸ் இந்த இடத்தில்தான் வருகிறார். விமான மின்னமைப்பு பற்றி அவர் எழுதிய ‘ஏரோஎலெக்ட்ரிக் கனெக்‌ஷன்’ இந்தக் கைவினைஞர்களுக்குப் பாடப்புத்தகம். எரிபொருள் தீரும்வரை மின்சாரமும் நீடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக அவர் பரப்பிய ஏற்பாட்டில், கட்டாயம் தேவையான கருவிகள் மட்டும் தனி இணைப்புக் கம்பியில் சேரும். சாதாரண நேரத்தில் அதற்குப் பிரதான கம்பியிலிருந்து ஒரு டயோடு வழியாக மின்சாரம் வரும். ஆல்டர்னேட்டர் நின்றால் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், பேட்டரியிலிருந்து நேரே வேறு வழியில் வரும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஒரு திரை, ஒரு ரேடியோ, ஜிபிஎஸ், மங்கிய பேனல் விளக்கு எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய விமானங்களில் 16 ஆம்பியர்-மணி பேட்டரி சகஜம். காகிதத்தில் இரண்டு மணி நேரம் வரும். நடைமுறையில் அதற்கும் குறைவு, வயதான பேட்டரியில் இன்னும் குறைவு. வேகம் அளக்கும் பிட்டோ குழாயைப் பனி அடைக்காமல் இருக்கச் சூடேற்றினால் அது ஒன்றே சுமார் 10 ஆம்பியரை விழுங்கும். டாங்கியில் நான்கு மணி நேரப் பெட்ரோல் இருந்து என்ன பயன்?

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, பம்பைக் கழற்றிய வெற்றிடத்திலேயே ஒரு குட்டி ஆல்டர்னேட்டரை மாட்டுவது. பி அண்ட் சி நிறுவனத்தின் எஸ்டி-8 வெறும் 8 ஆம்பியர்தான் தரும். ஆனால் சுமையை 8 ஆம்பியருக்குள் அடக்கத் தெரிந்தவருக்கு, இன்ஜின் ஓடும்வரை வெளிச்சம் உண்டு. பழைய ஆபத்து குடியிருந்த அதே இடத்தில் காப்பு வந்து உட்காருகிறது. இவ்வளவு அழகான இடமாற்றம் விமானக் கலையில் அபூர்வம். இதைப் பார்த்தபின் மூன்றாவது திரையை மாட்டிக்கொண்டு பெருமைப்படுபவரிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. மூன்று திரையும் ஒரே ஃபியூஸை நம்பினால் அது ஒரு திரைக்குச் சமம். ஃபியூஸா, சர்க்யூட் பிரேக்கரா என்ற சண்டை இந்தக் கைவினைஞர்களிடையே ஓயாது. நான் ஃபியூஸ் கட்சி. நடு இரவில் பிரேக்கர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பழுதைச் சூடேற்றும் ஆசைக்கு அது இடம் தராது.

இன்னொரு நுணுக்கம் வால்பக்கத்து உடலில் இருக்கிறது. உயரமானியும் வேகமானியும் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒரு சின்னத் துளை வழியாக வாங்குகின்றன. ஓரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. அவற்றில் இந்தத் துளை, நடுக்கம்பி நீக்கிய ஒரு சாதாரண ரிவெட். அதன் உருண்டைத் தலை தகட்டிலிருந்து கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு, தகட்டோடு சமமாக அமரும் விலையுயர்ந்த துளையைப் பொருத்தியவர்களின் வேகமானி தவறு காட்டியது. காற்றோட்டத்தைச் சரியான அழுத்தத்துக்குக் கொண்டுவந்தது அந்தத் துருத்தல்தான். ஓடுபாதைக்கு 200 அடி மேலே வரை எதுவும் தெரியாமல் இறங்கும்போது அந்த மலிவு ரிவெட்டின் மதிப்பு தெரியும். மேகத்துக்குள் பறக்க, 24 மாதங்களுக்கு ஒருமுறை இந்தக் குழாய்களை உறிஞ்சி 1000 அடி ஏறியதுபோலக் காட்டவைத்து, ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் கசியாது என்று நிரூபிக்கவும் வேண்டும்.

இரவு வெளிச்சத்துக்கு வருவோம். ஊரெல்லாம் சிவப்பு விளக்கைச் சொல்லும். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், சிவப்பு அதை அதிகம் கெடுக்காது என்பது உண்மைதான். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும். நன்றாக மங்கக்கூடிய வெள்ளையே மேல் என்பது என் தீர்ப்பு. அதைவிடத் தொல்லை, ஆர்வியின் குமிழிக் கண்ணாடிக் கூரை. பகலில் சொர்க்கம். இரவில் ஒவ்வொரு திரையும் அதில் பிரதிபலித்து வானத்தில் பொய் விளக்குகளாகத் தொங்கும். நல்ல கைவினைஞர் பேனலுக்கு மேல் ஆழமான, மினுமினுப்பற்ற கறுப்புத் தாழ்வாரம் வைப்பார். இறக்கை முனையில் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு தன் கண்ணில் படாதபடி மறைப்பார். மேகத்துக்குள் அது சுற்றிலும் வெள்ளையாக வெடித்துத் தலையைச் சுற்றவைக்கும். அப்போது அணைத்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. திசையறியும் காந்த உணரிக்குப் பக்கத்தில் விளக்கு வயர் போனால், போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி அவற்றின் காந்தப்புலத்தைக் கொல்வார். சுவிட்சுகளைக் கண்ணை மூடித் தடவினாலே அடையாளம் தெரியும்படி வைப்பார்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கைத்திறன் உதவாது. விரல் நுனி அழுத்தத்துக்கே திரும்பும் ஆர்வி, பகலில் கொண்டாட்டம். மேகத்தில் வரைபடத்தைக் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் சாய்ந்திருக்கும். ஆகவே ஆட்டோபைலட்டை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். பனி படிந்த இறக்கைக்கோ இவர்களில் பெரும்பாலோரிடம் மருந்தே இல்லை. பிட்டோ சூடு பனியிலிருந்து தப்பி வருவதற்கு மட்டுமே.

ஆஷ்காஷ் போக வாய்த்தால் சொந்தக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆல்டர்னேட்டர் நின்றால் எவை எரியும், எவ்வளவு நேரம்? தரையில் பேட்டரியை மட்டும் வைத்து ஓட்டிப்பார்த்து, நிமிடக் கணக்கில் பதில் சொல்பவரோடு இரவில் ஏறலாம். திரையின் அங்குலக் கணக்கைச் சொல்பவரோடு பகலில் போய்வாருங்கள்.