மோட்டார் இழுக்கிறது, மண் விடுகிறது

வாய்க்கால் கரையிலிருந்து களத்துக்கு ஏறும் மண்பாதை எங்கள் தோப்பில் 60 மீட்டர்தான். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும். பொள்ளாச்சிப் பக்கம் இதை ஏற்றம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். 15 எச்.பி. வகை மின்சார டிராக்டர் வாங்கிய முதல் வாரம், உரிக்காத தேங்காய் ஏற்றிய டிரெய்லரோடு அந்தப் பாதையின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. மோட்டார் நிற்கவில்லை. பின்சக்கரங்கள் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிச் செம்மண்ணில் குழி பறித்தன.

"மோட்டாருக்குத் தெம்பு பத்தலைங்களா?" என்று கேட்டார் ஓட்டுபவர். மோட்டாரில் தெம்பு நிறையவே இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க டயருக்கு அடியில் மண் இல்லை.

டீசல் வண்டியில் கிளட்ச்சை விடும்போதே எஞ்சின் முனகும். பாரம் கூடுகிறது என்று காதுக்குத் தெரியும். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடுகிறது. பெடலைச் சட்டென்று மிதித்தால் டயர் மண்ணை அறுத்துக்கொண்டு சுழலும். சுழல ஆரம்பித்த டயருக்கு இருந்த பிடிமானமும் குறையும். இவ்வளவும் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். அதனால் முதல் மாற்றம் காலில்தான்: பெடலை மெல்ல மிதிப்பது, ஏற்றம் தொடங்கும் முன்பே எக்கோ முறைக்கு வருவது, நடுவில் நிற்காமல் ஒரே சீராக ஏறுவது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியின் எடை சுமார் 800 கிலோ. அதில் பின்சக்கரங்களில் இறங்குவது 480 கிலோ. காய்ந்த மண்ணில் அந்த எடையில் பாதி அளவுதான் இழுவையாகக் கிடைக்கும் என்று வைத்தால் 240 கிலோ. பாரத்தோடு டிரெய்லர் 1,500 கிலோ. இரண்டையும் சேர்த்து 2,300 கிலோவை ஏற்றத்தில் தூக்க 230 கிலோ விசையும், மண்ணில் உருள இன்னொரு 115 கிலோவும் வேண்டும். கையில் இருப்பது 240, தேவை 345. எத்தனை எச்.பி. மோட்டார் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

செலவே இல்லாத வழியை முதலில் எடுத்தோம். எங்களுடையது ஒற்றை அச்சு டிரெய்லர். காயை இதுவரை பின்பக்கமாகக் குவித்து வந்தோம். முன்பக்கமாகத் தள்ளி அடுக்கியதும் கொக்கியின் மேல் ஏறக்குறைய 150 கிலோ இறங்கியது. அது நேராகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. அடுத்து, பஞ்சர் கடையில் பின்டயர்களில் தண்ணீர் ஏற்றினோம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, அதன் மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு நிறையும். எங்களுக்கு டயருக்கு 50 லிட்டர் பிடித்தது; ஆக 100 கிலோ. குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். கையேடு அனுமதித்த அளவுக்குள் காற்றையும் 20 பி.எஸ்.ஐ.யிலிருந்து 14-க்கு இறக்கினோம். டயர் சற்றுப் படர்ந்து, கூடுதல் பட்டன்கள் மண்ணைக் கவ்வின. கணக்கில் பின்சக்கர எடை 730, இழுவை 365, தேவை 360. மயிரிழைதான், ஆனால் ஏறிவிட்டது.

எடை இவ்வளவு முக்கியமென்றால் பழைய மின் டிராக்டர்கள் எப்படிச் சமாளித்தன? அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969-இல் எலெக்-ட்ராக் என்ற தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவந்தது. அதன் பெரிய மாடல்களில் 6 வோல்ட் ஈய பேட்டரிகள் ஆறு. அந்த ஈயத்தின் கனமே சக்கரத்துக்கு அழுத்தம் கொடுத்தது. இன்றைய லித்தியம் பேட்டரி அதே மின்சாரத்தை மிகக் குறைந்த எடையில் தருகிறது. காருக்கு அது வரம். டிராக்டருக்கோ, குறைந்த கனத்தை வேறு வழியில் நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

சறுக்கலை அளக்க ஒரு சாக்பீஸ் போதும். டயரில் கோடு போட்டு, வெற்று வண்டி 10 சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தோம்: 25 மீட்டர். முன்பு பாரத்தோடு ஏறும்போது அதே 10 சுற்றில் 17 மீட்டர், அதாவது 32 சதவீதச் சறுக்கல். மாற்றங்களுக்குப் பின் 22 மீட்டர், 12 சதவீதம். பேட்டரியிலும் தெரிந்தது. காலையில் ஆறு நடைக்கு 22 சதவீதம் இறங்கிக்கொண்டிருந்தது 17 ஆயிற்று.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டி சறுக்கினால் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே, டாப் லிங்க்கில் மாட்டி இழுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிடிமானம் கூடியது போலத் தோன்றும்; முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். மின்மோட்டாரின் உடனடி விசையில் குதித்து இறங்கக்கூட நேரம் இருக்காது. டிராபாரில், அச்சுக்குக் கீழேதான் மாட்ட வேண்டும். கொக்கியில் பாரம் கூடி ஸ்டீயரிங் லேசானால், முன்னால் எடைக்கட்டை போடாமல் ஏறக் கூடாது.

இறக்கத்திலும் கவனம் வேண்டும். எங்கள் வண்டியில் காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக்காக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். சரளையில் அது சறுக்கினால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கிவிடும். முழு சார்ஜில் இருக்கும்போது பேட்டரி மின்சாரத்தை வாங்காது, அந்தப் பிரேக்கும் தளர்ந்திருக்கும். அதனால் காலையின் முதல் இறக்கத்தில் பாரம் ஏற்றுவதில்லை.

வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. புகை இல்லை, மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்புகிறது, டீசலுக்கு அலைவதில்லை. ஆனால் ஷோரூமில் மோட்டாரின் விசையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியவர்கள், பின்சக்கரத்தில் எத்தனை கிலோ இறங்குகிறது என்பதைச் சொல்லவே இல்லை. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எடைக்கட்டையும் வண்டியோடு வர வேண்டும்.

மழை பெய்த மறுநாள் டயரில் ஏற்றிய தண்ணீரும் எடையும் உதவுவதில்லை. ஈரச் செம்மண் பட்டன்களுக்கு நடுவே அப்பி டயரை வழவழப்பாக்கிவிடுகிறது. எடை கூடக்கூட வேர்ப்பகுதி மண்ணும் இறுகுகிறது. அன்றைக்குப் பாதையில் கிடக்கும் மட்டைகளை ஒதுக்கிவிட்டு, பாதி பாரத்தோடு இரண்டு நடையாகக் கொண்டுபோகிறோம்.