தஞ்சையில் விழுந்தது கருவி மட்டுமா?

ஜான் கீயின் 'தி கிரேட் ஆர்க்' (2000) புத்தகத்தை மறுபடி படிச்சேன். நம்ம பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவுல 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அளக்க ஆரம்பித்த ஏழரை மைல் அடிக்கோடுதான் இந்தக் கதையின் வேர். நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை போட்டு அளந்த வேலை. அது தரையில் நடந்தது, உயரம் ஏறத் தேவையில்லை.

காவிரி டெல்டாவில் நிலைமை வேற. தென்னையும் பனையும் பார்வையை மறைக்க, கோயில் கோபுரங்கள் மேலே தியோடலைட்டை ஏத்த வேண்டியதாச்சு. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, அரை டன் கருவி விமானத்தில் மோதியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே அதைச் சரிசெய்தார். கீ இதை ரசிச்சு எழுதுறார்.

என் குறை இதுதான்: கயிறு பிடிச்சவங்க என்ன ஆனாங்க? பல போர்களைவிட இந்த சர்வே அதிக உயிரைக் குடிச்சதுன்னு சொல்ற புத்தகம் இது. ஆனா படிச்சு முடிச்சா மனசுல நிக்கிறது காய்ச்சலும் புலியும்தான். உயரத்திலிருந்து விழுவது ஒரு தொழில் ஆபத்தா எங்கேயும் உறைக்கல. கீயை மட்டும் சொல்லிப் பயனில்லை. கருவிக்கு விலை இருந்தது, அதனால ஆவணம் இருந்தது. தொழிலாளிக்கு விபத்து இழப்பீட்டுச் சட்டம் 1923இல்தான் வந்தது.

இன்னிக்குத் தாம்பரம் பக்கம் மனை அளக்கிறதைப் பாருங்க. டோட்டல் ஸ்டேஷன் ஸ்டாண்டில் பத்திரமா நிக்குது. ப்ரிசம் கம்பு பிடிக்கிற பையன் மட்டும், கருவிக்காரர் கையசைப்பையே பார்த்துக்கிட்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பின்பக்கமா நடக்கிறான்.