பருவக்காற்று: பள்ளி விளக்கம் மீதான திறனாய்வு

ஆண்டின் இரு வேறு காலங்களில் தன் திசையை ஏறத்தாழ முற்றிலும் மாற்றிக்கொண்டு வீசும் பெருங்காற்றுத் தொகுதி பருவக்காற்று எனப்படுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது பருவப்பெயர்ச்சிக் காற்று என்றும் வழங்குகிறது. பள்ளிப் புவியியலில் காற்றழுத்தம், வெப்பம், நிலத்தோற்றம் ஆகிய இயற்கைப் புவியியல் கருத்துகளும் வேளாண்மை, நீர்ப்பாசனம், குடியிருப்பு ஆகிய மானிடப் புவியியல் கருத்துகளும் சந்திக்கும் இடம் இது. ஆகவே இதற்குக் கற்பிக்கப்படும் விளக்கம் எந்த அளவுக்குச் சரியானது என்பது முக்கியமான கேள்வியாகிறது.

பள்ளி விளக்கம்

பரவலாகக் கற்பிக்கப்படும் விளக்கம் எளிமையானது. நிலம் விரைவில் சூடாகி விரைவில் குளிர்கிறது. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்கிறது. கோடையில் சூடான நிலத்தின் மேல் தாழ்வழுத்தம் உருவாக, கடலிலிருந்து ஈரக்காற்று நிலத்தை நோக்கி வீசி மழை தருகிறது. குளிர்காலத்தில் இது தலைகீழாகிறது. அதாவது, கடற்கரையில் பகலிலும் இரவிலும் மாறி வீசும் கடற்காற்று, நிலக்காற்று ஆகியவற்றின் பேருருவமே பருவக்காற்று.

இக்கருத்து பழமையானது. ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1686இல் வெளியிட்ட கட்டுரையில் வணிகக் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் சூரிய வெப்பத்தின் வேறுபாட்டைக் கொண்டு விளக்கினார். 1735இல் ஜார்ஜ் ஹாட்லி புவியின் சுழற்சியையும் வணிகக் காற்றின் விளக்கத்தில் சேர்த்தார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் ஹாலியின் படமே வகுப்பறையில் முதலில் வரையப்படுகிறது.

சிம்சனின் மூன்று எதிர்வாதங்கள்

இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்சன் 1921இலேயே இவ்விளக்கத்தின் குறைகளைச் சுட்டிக்காட்டினார். அவரது வாதங்கள் மூன்று. முதலாவது, இந்தியாவில் நிலம் மிகவும் சூடாக இருப்பது மே மாதத்தில். பருவமழை உச்சம் பெறும் ஜூலையில் நிலம் அதைவிடக் குளிர்ந்திருக்கிறது. இரண்டாவது, நாட்டின் மிக வெப்பமான பகுதியாகிய வடமேற்கு மிகக் குறைந்த மழையே பெறுகிறது. மூன்றாவது, மழை பொய்த்த ஆண்டுகளில் நிலம் வழக்கத்தைவிடச் சூடாகவும் நன்கு மழை பெய்த ஆண்டுகளில் குளிர்ந்தும் இருக்கிறது.

நிலத்தின் சூடுதான் மழைக்குக் காரணம் என்றால் சூடு மிகுந்த ஆண்டில் மழையும் மிகவேண்டும். நடப்பதோ எதிர்மாறானது. மேகமும் மழையும் நிலத்தைக் குளிர்விக்கின்றன. மழையில்லாததால் நிலம் காய்கிறது. பள்ளி விளக்கம் இங்கே விளைவைக் காரணமாகக் கொள்கிறது. இம்மூன்று வாதங்களையும் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நாளிதழில் வரும் வெப்பநிலை, மழையளவுப் பட்டியலே போதும்.

தமிழ்நாட்டின் சான்று

தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் சுமார் 48 விழுக்காட்டை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெறுகிறது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் குளிர்காற்று வங்கக் கடலில் ஈரத்தை எடுத்து வந்து மழை தருகிறது என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது போதாது. நிலத்தின் குளிர்ச்சியே காரணம் என்றால் வட இந்தியா மிகவும் குளிர்ந்திருக்கும் ஜனவரியில் தமிழ்நாட்டில் மழை உச்சம் பெறவேண்டும். உண்மையில் ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டு மழையில் மிகச் சிறிய பங்கையே தருகின்றன. வடகிழக்குக் காற்று தொடர்ந்து வீசினாலும் மழையின் பெரும்பகுதி, வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளும் புயல்களும் வரும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

மழைமறைவுப் பகுதி என்ற சொல்லும் இதே குறையுடையது. மேற்குத் தொடர்ச்சி மலை தடுப்பதால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் மழையே இல்லை என்று மாணவர் புரிந்துகொள்கிறார். ஆனால் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெரும்பாலும் மாலை நேர இடிமழையாகப் பெய்கிறது.

பருவங்களின் பெயர்களும் இயற்கையில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. அக்டோபர், நவம்பர் மாத மழையைத் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை என்கின்றனர். பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை வானிலைத் துறை அதே மாதங்களை இரண்டாவது இடைப்பருவக் காலம் என வகுத்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே வடகிழக்குப் பருவக்காலம் என்கிறது. வேதாரணியத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே மேகம் பெய்தாலும் மாணவர் எழுதவேண்டிய விடை வேறு.

மாற்று விளக்கம்

வடகோள, தென்கோள வணிகக் காற்றுகள் சந்தித்து மேலெழும் மேகப் பட்டை வெப்பமண்டல ஒருங்கல் மண்டலம் எனப்படும். சூரியனின் தோற்றப் பாதையைத் தொடர்ந்து இது வடக்கும் தெற்குமாக நகர்கிறது. 1951இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃப்ளோன் பருவக்காற்றை இத்தகைய இடப்பெயர்ச்சியாகக் கண்டார். சிக்காவும் சுலோச்சனா காட்கிலும் 1980இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தியாவின் மேல் இம்மேகப் பட்டையின் நகர்வை ஆராய்ந்தனர். இப்பார்வையில், பட்டை கங்கைச் சமவெளி வரை ஏறும்போது தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. அது தெற்கே இறங்கும் காலத்தில் தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இரண்டு பருவமழைகளும் ஒரே நகர்வின் இரு கட்டங்களாகின்றன.

இதனால் நிலம், கடல் வேறுபாடு பொய்யாகிவிடவில்லை. இப்பட்டை பெருங்கடல்களில் நிலநடுக்கோட்டை ஒட்டியே நிற்க, இந்தியாவில் மட்டும் இவ்வளவு வடக்கே ஏறுவதற்கு அங்கே நிலம் இருப்பது ஒரு காரணம். அவ்வேறுபாடு நகர்வின் எல்லையைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. பள்ளிப் பாடம் அதையே முழுக் காரணமாக்குவதுதான் பிழை.

வாழ்வில் விளைவு

மேல் வகுப்புப் பாடங்களில் ஒருங்கல் மண்டலம், ஜெட் காற்றோட்டம், எல் நினோ ஆகியவை இடம்பெறவே செய்கின்றன. ஆனால் முதல் விளக்கத்தைத் திருத்துபவையாக அல்லாமல், மனப்பாடம் செய்யவேண்டிய கூடுதல் குறிப்புகளாகவே அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. இதன் இழப்பு தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. 2015ஆம் ஆண்டில் எல் நினோ நிலவியது. நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 14 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. எல் நினோ முதல் பருவத்தை நலிவுறச் செய்து இரண்டாம் பருவத்துக்குத் துணைபோகக் கூடும் என்பதை அறியாதவருக்கு இது முரண்பாடாகவே தோன்றும்.

காவிரிப் படுகையின் உழவு இரு பருவங்களையும் நம்பியது. மேட்டூர் அணைக்கு வரும் நீர் பெரும்பாலும் குடகு மலையின் தென்மேற்குப் பருவமழை. சம்பாப் பயிரைக் காப்பதில் வடகிழக்குப் பருவமழைக்கும் பங்குண்டு. ஏரிகளும் கண்மாய்களும் சில நாட்களில் கொட்டும் மழையை மாதக்கணக்கில் தேக்கிவைக்க வெட்டப்பட்டவை. மழை பருவம் முழுவதும் சீராகப் பெய்வதாகக் கற்ற மாணவருக்கு ஏரியின் தேவை புரியாது. அதன் கரையை மனையாக்கும்போது எதிர்க்கவும் தோன்றாது.

மதிப்பீடு

கடற்காற்று ஒப்புமை தொடக்க வகுப்புக்கு ஏற்ற ஏணி. அதைக் கற்பித்த கையோடு மே, ஜூலை மாத வெப்பநிலைகளை ஒப்பிடச் செய்து, அது எங்கே பொருந்தவில்லை என்று மாணவரையே கண்டுபிடிக்கச் செய்யலாம். ஒருங்கல் மண்டலம் அப்போது மனப்பாடக் குறிப்பாக இராமல் ஒரு கேள்விக்கான விடையாக வந்து சேரும்.