எழுந்து நின்றார்கள், பாடவில்லை

மணி அடிக்கிறது. மாணவர்கள் வரிசையில் நிற்கின்றனர். நாட்டுப்பண் தொடங்குகிறது, நூற்றுக்கணக்கான இளங்குரல்கள் ஒன்றாய் எழுகின்றன. அந்தக் கூட்டத்திலே மூன்று பிள்ளைகள், பத்தாம் வகுப்பில் படிக்கும் அண்ணனும் ஒன்பதாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் தங்கையர் இருவரும், எழுந்து நிற்கின்றனர், நேராக நிற்கின்றனர், பணிவோடு நிற்கின்றனர். பாட மட்டும் இல்லை.

இடம் கேரளத்துக் கோட்டயம் மாவட்டம். ஆண்டு 1985. கோவிலைச் சுற்றிய தெருவிலே மனிதன் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் 1924 இல் சிறை புகுந்தாரே, அந்த வைக்கமும் இன்று இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

மூவரும் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தங்கள் கடவுளுக்குச் செய்யும் வழிபாட்டைத் தவிர வேறெந்தச் சடங்கிலும் கலத்தல் கூடாது என்பது அவர்கள் கொள்கை. எந்த நாட்டின் பண்ணையும் அவர்கள் பாடுவதில்லை. பள்ளியில் அது எவருக்கும் உறுத்தவில்லை. அந்த ஆண்டு சூலைத் திங்களில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணில் பட்டது, நாட்டுப்பற்று பொங்கியது, சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணைக் குழு அமைந்தது. குழு என்ன சொல்லிற்று? பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்று சொல்லிற்றாம். ஆயினும் கல்வித்துறை அதிகாரியின் கட்டளைப்படி, சூலை 26 ஆம் நாள் தலைமையாசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் முடிவு வரும்வரையாவது பிள்ளைகளைப் படிக்க விடுங்கள் என்று தந்தை கேட்டார். தம் கையில் ஒன்றுமில்லை என்றார் அவர்.

இந்த வழக்கைச் சொன்னவுடன் நம் இளைஞர் சிலர் உதட்டைப் பிதுக்குவதைக் கண்டிருக்கிறேன். ‘ஒரு மூடநம்பிக்கைக்காரன் இன்னொருவனோடு மல்லுக்கு நிற்கிறான்; நமக்கென்ன?’ என்பது அவர்கள் எண்ணம். தோழர்களே, அந்தச் சபையாரோடு எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் வேதம் எனக்கு வேதம் அன்று. ஆனால் அந்த மூவரின் வழக்கில் 1986 ஆகஸ்டு 11 ஆம் நாள் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பை, மதம்பற்றிப் பேசும் ஒவ்வோர் இளைஞனும் படித்தாக வேண்டும். படித்துப் பாராட்டவும் வேண்டும். ஓரிடத்தில் மறுக்கவும் வேண்டும்.

முதலில் பாராட்டு. எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, உடனிருந்தவர் நீதிபதி எம். எம். தத். சட்டப் புத்தகத்தின் வறட்டு நடையில்லை. பிள்ளைகள் நின்றதையும், ஒருவருக்கும் அது குற்றமாய்ப் படாததையும், பிறகு நாட்டுப்பற்று மிக்க ஒரு பெரியமனிதர் வந்து சேர்ந்ததையும் சின்னஞ்சிறு தொடர்களில், உதட்டோரப் புன்னகையோடு சொல்லிச் செல்கிறார். கதை சொல்லத் தெரிந்த கை!

அதைவிடச் சிறப்பு, கேரள உயர்நீதிமன்றத்தை அவர் திருத்திய இடம். உயர்நீதிமன்றம் என்ன செய்தது? பரிமேலழகர் குறளுக்கு உரை கண்டதுபோல, நாட்டுப்பண்ணுக்கு உரை காணப் புகுந்தது. சொல் சொல்லாக எடுத்துப் பார்த்தது. எந்த மதத்தாரையும் புண்படுத்தும் சொல் இதில் இல்லையே, பின் ஏன் பாடக்கூடாது என்று முடித்தது. வழக்கோ அதுவன்று! பண்ணின் சொற்களில் குற்றமுண்டு என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவேயில்லை. தங்கள் மனச்சான்று இடந்தரவில்லை என்றார்கள். அந்த மனச்சான்று நீதிபதிக்குப் பிடித்திருக்கிறதா, அறிவுக்கு ஒத்ததாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியே அன்று; அது உண்மையாகக் கொண்ட நம்பிக்கைதானா என்பதே கேள்வி என்றது உச்சநீதிமன்றம். மேலும், நாட்டுச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் பாடுவோரைத் தடுப்பதையும் கூட்டத்தைக் குலைப்பதையுமே குற்றமாக்குகிறது. எழுந்து நின்று வாய் மூடியிருப்பவன் யாரைத் தடுத்தான்? கல்வித்துறையின் சுற்றறிக்கையோ சட்டமே அன்று. அரசியலமைப்பு தரும் பேச்சுரிமையை ஒரு சுற்றறிக்கையைக் காட்டிப் பறிக்க முடியுமோ?

இதே பிரிவினர் அமெரிக்காவில் பட்ட பாட்டையும் தீர்ப்பு நினைவுகூர்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் கொடிக்கு வணக்கம் செய்யாத பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது சரியே என்று 1940 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொன்னது. எண்மர் ஒரு பக்கம், ஒரே ஒருவர் மறுபக்கம். எழுதியவர் பிராங்க்பர்ட்டர், வியன்னாவிலிருந்து சிறுவனாக வந்து குடியேறிய யூதர். புதிய நாட்டின் பள்ளிதான் தம்மை அந்நாட்டவராக்கிற்று என்று நம்பியவருக்கு, அந்தப் பள்ளியின் சடங்கை மறுக்கும் குழந்தை புரியாமற் போயிற்றுப் போலும். தீர்ப்பு வந்த கையோடு ஊர் ஊராக அந்தச் சபையாரை அடித்தார்கள், விரட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1943 இல், உலகப்போர் உச்சத்தில் இருந்த வேளையில், மேற்கு வர்ஜீனியா வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப்போட்டது. போர்க்காலத்தில்கூடக் குழந்தையின் வாயைக் கட்டாயப்படுத்தித் திறக்கத் தேவையில்லை என்று ஒரு நாடு கண்டுகொண்டது. அந்தப் பாடத்தை நம் நீதிபதிகள் சரியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இனி மறுப்பு. தீர்ப்பு முடியும் இடத்திலே, சகிப்புத்தன்மை நம் மரபின் பாடம், நம் தத்துவத்தின் போதனை, நம் அரசியலமைப்பின் நடைமுறை என்று பொருள்பட ஒரு வீறுரை வருகிறது. கேட்கச் செவிக்கு இனிமை! மூன்றாவது கூற்றை ஒப்புகிறேன். முதலிரண்டையும் கேட்டால் சிரிப்பதா, சினப்பதா? எந்த மரபு ஐயா? வேடன் மகன் வில் கற்றான் என்பதற்காகக் கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட ஆசானைக் கொண்டாடும் மரபா? தவம் செய்தான் என்பதற்காகச் சம்பூகன் தலையை வெட்டிய கதையை அறம் என்று ஓதிய மரபா? பள்ளிக்குள் வந்தால் தீட்டு என்று பிள்ளைகளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய மரபா? சகிப்பு நம் மரபில் ஊறிக்கிடந்தால் வைக்கம் எதற்கு?

வைக்கத்துக்கும் போக வேண்டா. நம் நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவி போதும். நாட்டுப்பற்று ஊட்டும் கல்விச்சாலை என்று சொல்லி வ. வே. சு. ஐயர் அங்கே குருகுலம் நடத்தினார். ஐயர் சிறியவரல்லர், 1916 இல் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், விடுதலைக்காக வெளிநாட்டில் அலைந்தவர். குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்துமிருந்தது. பொதுமக்கள் பணம், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கும் இடம். உணவு வேளையில் மட்டும் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி! ஏனென்று கேட்டால், ‘பெற்றோர் தங்கள் ஆசாரத்தைக் காக்கும்படி கேட்டுக்கொண்டார்கள், வாக்குக் கொடுத்துவிட்டோம்’ என்பது விடை. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போர்க்கொடி தூக்கினர். காந்தியார் 1925 இல் சமரசம் சொன்னார்: முன்னரே சேர்ந்துவிட்ட இருவர் மட்டும் தனியே உண்ணட்டும், இனி அப்படி எவரையும் சேர்க்க வேண்டா என்று. பெரியாருக்கு அது போதவில்லை. அதே ஆண்டு இறுதியில், வகுப்புரிமைத் தீர்மானத்தைக் காஞ்சிபுரம் மாநாடு ஏற்காதபோது, அவர் காங்கிரசை விட்டே வெளியேறினார்.

இங்கேதான் நம் எதிரிகள் மடக்குவார்கள். ‘கோட்டயத்துப் பிள்ளைகளின் மனச்சான்றை மதி என்கிறாய்; சேரன்மாதேவிச் சிறுவர்களின் ஆசாரத்தை மதிக்க மாட்டேன் என்கிறாய்; அது என்ன நீதி?’ என்பார்கள். நல்ல கேள்வி. விடை தட்டிலே இருக்கிறது. கோட்டயத்துப் பிள்ளை வாய் மூடி நின்றதால் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு என்ன குறைந்தது? ஒரு சொல் குறையவில்லை, ஒரு சுருதி குறையவில்லை. கொள்கையின் சுமை முழுவதும் கொண்டவன் தோளில். சேரன்மாதேவியிலோ, ஒருவனுடைய ஆசாரம் அடுத்த பந்தியில் உட்கார்ந்த பிள்ளையின் நெற்றியிலே ‘நீ இழிந்தவன்’ என்று எழுதியது. ஒருவன் தனக்கு மறுத்துக்கொள்வது வேறு. பிறனைத் தள்ளி வைப்பது வேறு. இரண்டையும் ‘மரபு’ என்ற ஒரே சாக்கிலே கட்டி, ‘எல்லார் மரபையும் மதிப்போம்’ என்று கூவுகிறவன் ஒன்று அறியாதவன், அல்லது எல்லாம் அறிந்தவன்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சிறுபான்மையோன் வழக்கம் பள்ளி வாயிலுக்கு வந்தால் அதற்குப் பெயர் மதம். வெளியே நில் என்பார்கள். பெரும்பான்மையோன் வழக்கம் வந்தால் அதற்குப் பெயர் பண்பாடு. வருக வருக என்பார்கள்! முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28 ஆம் பிரிவு சொல்கிறது. அரசின் உதவியோ ஏற்போ பெற்ற பள்ளியில் எவரையும், இளையோராயின் பெற்றோர் இசைவின்றி, வழிபாட்டில் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. சொல்லி என்ன பயன்? கலைமகள் பூசைக்குச் சுண்டல் வாங்கக் காசு கேட்கும் ஆசிரியர் ‘இது மதமா, கல்வி விழா அல்லவா?’ என்கிறார். கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளின் காலை வழிபாட்டில் உபநிடதத்திலிருந்து எடுத்த வடமொழி வரிகள் ஓதப்படுவதை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது அரசுத் தரப்பு பாடிய பல்லவியும் அதுதான்: அது எல்லாருக்கும் பொதுவான உண்மை, மதமாகாது. 2019 சனவரியில் அந்த வழக்கைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று இரு நீதிபதிகள் அனுப்பி வைத்தனர். பொதுவான உண்மையாயின் பொதுவான மொழியில் சொல்லக்கூடாதா என்று கேட்க எனக்கு நா துடிக்கிறது, அது கிடக்கட்டும். அந்த வரிசையிலே வாய் மூடி நிற்க விரும்பும் நாத்திகன் வீட்டுப் பிள்ளைக்கு எது காவல்? கோட்டயத்து ஆத்திகப் பிள்ளைகள் பெற்றுத் தந்த தீர்ப்புத்தான் காவல்! உதட்டைப் பிதுக்கிய இளைஞர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நமக்கு நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் மீதமிருக்கிறது. சேரன்மாதேவி இருக்கும் அதே நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து உடன் படித்தவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. தனிப்பந்தி போய் அரிவாள் வந்தது. ஆராய அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, 2024 சூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு, விரலில் மோதிரம், நெற்றியில் பொட்டு ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. அது கட்டியவனுக்காகக் கட்டியதன்று. எதிரே வருகிறவனுக்குச் சொல்லும் செய்தி. அறுத்தெறியட்டும்.

நெற்றியைப் பற்றி மட்டும் நான் தயங்குகிறேன். நம் தோழர்கள் சிலர் இதற்காக என்மேல் சினம் கொள்ளலாம், கொள்ளட்டும். பொட்டும் சில ஊர்களில் சாதியின் அடையாளமாகத் தீட்டப்படுகிறது என்று குழு கண்டது. அங்கே அதுவும் கயிறுதான். ஆனால் காலையில் பாட்டி பூசிவிட்ட திருநீற்றோடு ஒரு குழந்தை வகுப்பில் வந்து உட்காருகிறது. அந்த நீறு யாரை இழிவுபடுத்தியது? ஆசிரியரின் கை அந்த நெற்றியை நோக்கிப் பூசவும் போகக்கூடாது, துடைக்கவும் போகக்கூடாது என்பது என் துணிபு. பாட்டியோடு வாதாட நமக்கு மேடை இருக்கிறது, ஏடு இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது. அரசின் பிரம்பைக் கடன் வாங்கி ஏழு வயதுக் குழந்தையிடம் பகுத்தறிவைப் பரப்பும் அளவுக்கு நம் கொள்கை நலிந்துவிடவில்லை. மேலும், இன்று துடைக்கத் துணையாகும் அதே பிரம்பு, ஆட்சி மாறினால் நாளை பூச வரும்.

கோட்டயத்து வழக்குக்கே திரும்புகிறேன். மூவரையும் மீண்டும் சேர்த்துக்கொள்க, தடையின்றிப் படிக்க விடுக, வேண்டிய வசதிகளைச் செய்து தருக என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நீக்கிய நாளுக்கும் ஆணை பிறந்த நாளுக்கும் இடையே ஓர் ஆண்டும் பதினாறு நாளும் ஓடியிருந்தன. அண்ணனுக்கு அது பத்தாம் வகுப்பு.