காற்றுக்குக் கதவைத் திறந்து வைக்கும் பீர்

பீர் என்றால் ஜில்லென்று, மஞ்சளாக, லேசாகக் கசக்கும் ஒன்று என்று நினைத்திருப்பவர்களைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் நிறுத்த வேண்டும் போலிருக்கிறது எனக்கு. மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெளியே பார்த்தால் சாதாரணக் கிடங்கு. உள்ளே கான்டியோன் பீர் ஆலை. 1900இல் தொடங்கிய குடும்பத் தொழில், இன்றும் அதே குடும்பத்தின் கையில். இங்கே உருவாவது லாம்பிக். நான் குடித்த பீர்களிலேயே இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

லாம்பிக் ஏன் தனி ரகம் என்பதை ஈஸ்ட்டிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதன்பின் பீர் ஆலைகள் ஒவ்வொன்றாகக் காற்றுக்குக் கதவைச் சாத்தின. வேண்டாத நுண்ணுயிர் புகுந்தால் தொட்டியே பாழ் என்ற பயம். லாம்பிக்காரர்கள் நேர்மாறு. ஈஸ்ட் போடுவதே இல்லை; காற்றும் மரமும் கொடுப்பதுதான். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பதநீர் தானே புளித்துக் கள்ளாவதை அறிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் கள் ஒரு பொழுதில் முடிந்துவிடுகிறது. லாம்பிக்குக்கு மூன்று வருடம்கூட ஆகும்!

நான் போனது காய்ச்சும் நாளில். மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, 65 பங்கு, முளைகட்டாத கோதுமை 35 பங்கு. பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவோ, வேண்டுமென்றே வருடக்கணக்கில் பழசாக்கியது; கசப்பு பெரும்பாலும் போய், கெடாமல் காக்கும் குணம் தங்கியிருக்கும். மணிக்கணக்கில் கொதித்த சாறு மாடிக்கு ஏறுகிறது. கூரைக்கடியில் அறையையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது ஆழமில்லாத ஒரு செம்புத் தொட்டி. அதில் சாறு விழுந்ததும் எழுந்த ஆவியில் எதிரில் நின்றவர் முகம் தெரியவில்லை. ரொட்டியும் வெல்லப்பாகும் கலந்த வாசம். சுவரில் உள்ள திறப்புகள் வழியாக இரவெல்லாம் குளிர்காற்று உள்ளே வந்துபோகும். விடிவதற்குள் ஆறியாக வேண்டும், அதனால்தான் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மட்டுமே காய்ச்சுகிறார்கள். கோடையில் காற்றில் கெட்ட கிருமிகள் அதிகம்.

பிறகு பழைய மரப் பீப்பாய்கள். சில நாளில் நொதித்தல் பொங்கி, அடைப்பான் துளை வழியே நுரை வழிகிறது. மரத்தில் அது பழுப்பு வரிகளாகக் காய்ந்திருப்பதைத் தொட்டே பார்த்தேன். முதல் வேகம் அடங்கியதும் புளிப்பேற்றும் பாக்டீரியாக்கள், அதற்கப்புறம் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். 1904இல் இதை அடையாளம் காட்டிய கிளாசனும் அதே கார்ல்ஸ்பெர்க்காரர்தான்! மூலையெல்லாம் சிலந்திவலை. யாரும் துடைப்பதில்லை, பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன. எனக்கு அந்த வலைகள்மேல் பாசமே வந்துவிட்டது.

சரி, ருசி. லாம்பிக்கை ஜாடியிலிருந்து ஊற்றித் தருகிறார்கள், நுரையே கிடையாது. முதல் வாய் கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு. அடுத்த வாயில் பச்சை ஆப்பிள் தோல், வைக்கோல், மழையில் நனைந்த மண்சுவர். என்ன ஒரு ஆழம்! ஒன்று, இரண்டு, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால் கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை புட்டிக்குள் மறுபடி நொதித்து, ஷாம்பெயின் மாதிரி குமிழ் விடுகிறது. எந்தப் பீப்பாயோடு எதைச் சேர்ப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது, நாக்குதான் சொல்ல வேண்டும். பீர்த் தொழிலின் உச்சம் இந்தக் கலவைதான் என்பது என் கட்சி. லாம்பிக்கில் புளிப்புச் செர்ரியை லிட்டருக்குச் சுமார் 200 கிராம் ஊறப்போட்டால் மாணிக்கச் சிவப்பில் க்ரீக்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறத்தில் மயங்கி க்ரீக்கில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் லாம்பிக், பிறகு கூஸ், கடைசியில் க்ரீக். ஒரு கோப்பைக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். குளிர் விடவிட அதன் வாசம் மாறிக்கொண்டே போகும்.