எல்லைப்புறமும் இனமனப்பான்மையும்: ஓரிகன் குடியேற்றம் பற்றிய ஒரு திறனாய்வு

1893ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிக்காகோவில் கூடிய வரலாற்றாசிரியர் கூட்டத்தில் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் ஒரு கட்டுரை வாசித்தார். மேற்கே விரிந்து கிடந்த கட்டற்ற நிலமும், அதை நோக்கி மக்கள் இடையறாது பெயர்ந்து சென்றதுமே அமெரிக்கரின் குடியாட்சிப் பண்பை உருவாக்கின என்பது அதன் சாரம். அடிமைமுறை பற்றிய வழக்கு அவ்வரலாற்றில் ஓர் இடைநிகழ்ச்சியே என்றும் அவர் கருதினார். இக்கருத்து நெடுங்காலம் பாடநூல்களை ஆண்டது. திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நாமும், எல்லைப்புற ஊழியரின் துணிவைப் புகழும்போது, பெரும்பாலும் டர்னரின் கண்கொண்டே பார்த்துவந்திருக்கிறோம். ஓரிகன் நாட்டின் சட்டங்களை ஒருமுறை படித்தால் அப்பார்வை நிலைக்காது.

1840களில் ஏறத்தாழ 2,000 மைல் தொலைவை மாட்டுவண்டிகளில் கடந்து வில்லாமெட் பள்ளத்தாக்கில் குடியேறியோர் பெரும்பாலும் எளிய உழவர்கள். அவர்கள் பட்ட பாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வழியோரத்தில் தம் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு நடந்தவர்கள் அவர்களுள் உண்டு. 1843இல் தாங்களே ஒரு தற்காலிக அரசை அமைத்து, அடிமைமுறையை விலக்கினர். டர்னர் கூறிய குடியாட்சிப் பண்பு இதுவன்றோ எனத் தோன்றும். ஆயின் அடுத்த ஆண்டே, பீட்டர் பர்னட் என்பாரின் முயற்சியால், வேறொரு சட்டம் பிறந்தது. அடிமைமுறை கூடாது என்று மீண்டும் உரைத்த அச்சட்டம், கறுப்பின ஆண்கள் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் பெண்கள் மூன்று ஆண்டுகளுக்குள்ளும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் விதித்தது. வெளியேறாதவருக்குச் சாட்டையடி: 20க்குக் குறையாமலும் 39க்கு மிகாமலும்.

39 என்னும் எண்ணைத் திருமறை மாணவர் எவரும் எளிதில் கடந்து செல்ல இயலாது. அடிபடுபவன் சகோதரன், அவன் நம் கண்முன் இழிவுபட்டுப் போகலாகாது, ஆகவே 40க்கு மேல் அடிக்க வேண்டாம் என்பது உபாகமம் 25:3இன் கருத்து. எண்ணிக்கை தவறிவிடுமோ என்றஞ்சி யூதர் அதில் ஒன்றைக் குறைத்தனர். பவுல் அத்தண்டனையை ஐந்து முறை ஏற்றார் (2 கொரி. 11:24). சகோதரனின் மாண்பைக் காக்க எழுந்த அந்த வரம்பு, தோலின் நிறமன்றி வேறு குற்றமில்லாதவரை விரட்டும் சட்டத்தில் வந்து அமர்ந்துவிட்டது. சட்டமியற்றியோர் உபாகமத்தை நினைத்தே எழுதினர் என நாம் கூறவில்லை. பழைய நீதிமன்ற வழக்கத்திலிருந்து எண்ணிப் பாராமல் எடுத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் அது இன்னும் வருந்தத்தக்கது.

சாட்டையடி அவ்வாண்டின் இறுதியிலேயே கைவிடப்பட்டது. சட்டமும் நடைமுறைக்கு வருமுன் 1845இல் நீக்கப்பட்டது. எனினும் 1849இல் மற்றொரு சட்டம் புதிதாய் வரும் கறுப்பினத்தாரைத் தடுத்தது. அவர்கள் ஆதிக்குடிகளோடு கலந்து பகைமூட்டுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். நிலத்தை இழந்தவனும் விடுதலையை இழந்தவனும் ஒன்றுகூடிவிடுவரோ என்னும் அச்சம் அது. 1851இல் ஜேக்கப் வாண்டர்பூல் என்பவர் நீதிமன்ற ஆணையால் வெளியேற்றப்பட்டார்.

1857 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பே நம் வாதத்திற்கு வலுவான சான்று. அடிமைமுறை வேண்டாம் என்றோர் 7,727 பேர். வேண்டும் என்றோர் 2,645 பேர். விடுதலை பெற்ற கறுப்பினத்தாரை உள்ளே விடலாகாது என்றோர் 8,640 பேர். விடலாம் என்றோர் 1,081 பேர். அடிமைமுறையை எதிர்த்தவரினும் கறுப்பினத்தாரின் அயலாராய் வாழ மறுத்தவரே மிகுதி. அடிமைமுறை மேற்கே பரவுவதற்குக் காட்டப்பட்ட எதிர்ப்பில் பெரும்பங்கு கறுப்பினத்தார்மீது கொண்ட வெறுப்பே என்பதை யூஜீன் பெர்வாங்கர் 1967இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். எவர் குடிபெயரலாம், எவர் ஆகாது என்பதையே தீர்மானித்த ஒன்றை இடைநிகழ்ச்சி என டர்னர் ஒதுக்கியது பொருந்தாது.

‘கட்டற்ற நிலம்’ என்ற சொல்லும் அத்தகையதே. வில்லாமெட் பள்ளத்தாக்கு கலப்பூயா மக்களின் தாயகம். 1830 முதல் பரவிய காய்ச்சலால் அவர்களுள் பெரும்பகுதியினர் மாண்டனர். எஞ்சியோருடன் செல்லத்தக்க உடன்படிக்கை எதுவும் ஏற்படுமுன்னரே, 1850இன் நிலக்கொடைச் சட்டம் வெள்ளையர் குடும்பங்களுக்கு 640 ஏக்கர் வரை வழங்கத் தொடங்கியது.

இங்கே நம் சபையாரும் குற்றமற்றவர் அல்லர். 1834இல் ஆதிக்குடிகளுக்கு நற்செய்தி அறிவிக்கச் சென்ற மெதடிஸ்த ஊழியர் ஜேசன் லீ, 1838இல் அந்நாட்டை ஐக்கிய அமெரிக்கா தன் ஆட்சிக்குள் கொள்ள வேண்டுமென்ற விண்ணப்பத்தைச் சுமந்து கிழக்கே சென்றார். ஆதிக்குடிச் சிறுவர்களுக்கெனக் கட்டப்பட்ட பள்ளிக் கட்டிடம், 1844இல் குடியேறியோரின் பிள்ளைகளுக்கான கல்விச்சாலையின் கைக்கு மாறியது. லீயின் பக்தியை நாம் ஐயுறவில்லை. யாருக்காகச் சென்றாரோ அவர்கள் மெல்ல அவர் பார்வையிலிருந்து மறைந்தனர். அதுவே நம் குற்றச்சாட்டு.

1989இல் ராபர்ட் ஆலன் வாரியர் என்னும் ஓசேஜ் இன அறிஞர், தம் மக்கள் யாத்திராகமக் கதையில் தம்மைக் காண்பது இஸ்ரவேலராக அல்ல, கானானியராகவே என்று எழுதினார். விடுதலை இறையியலுக்கு யாத்திராகமம் அடித்தளமாக இயலாது என்னும் அவர் முடிவை முற்றும் ஏற்க நமக்குத் தயக்கமுண்டு. அந்நியனின் உள்ளத்தை அறிந்திருக்கிறீர்களே என்று நினைவூட்டும் யாத்திராகமம் 23:9உம் அதே நூலில் உள்ளதன்றோ? ஆயினும் அவ்வசனம் இருப்பதனால் யோசுவா 6 இல்லாமற் போய்விடாது. வகுப்பில் எரிகோவின் மதில் விழுந்ததைக் கற்பிக்கும் நாம், மதிலுக்குள் இருந்தோரைப் பற்றி எத்தனை மணித்துளி பேசுகிறோம்?

ஜார்ஜ் புஷ் என்பவரைக் கூறாமல் இதை முடிக்கலாகாது. கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த அவர், 1844இல் மிசூரியிலிருந்து புறப்பட்டார். ஓரிகனின் சட்டத்தை அறிந்து, கொலம்பியா ஆற்றின் வடகரைக்குச் சென்று குடியேறினார். 1852இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வணிகர் நல்ல விலை தர முன்வந்தும் விற்காது, தம் தானியத்தை அயலாருக்கு வழங்கினார். அவர் உழுத 640 ஏக்கர் அவருக்கே உரியதென உறுதிசெய்ய, 1855இல் நாட்டின் காங்கிரசு அவர் ஒருவருக்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வாக்குரிமை மட்டும் அவர் 1863இல் மறையும்வரை கிடைக்கவில்லை.

ஓரிகன் அரசமைப்பிலிருந்த விலக்கு விதி 1926இல் நீக்கப்பட்டது. எஞ்சியிருந்த இனச்சொற்களை நீக்குவதற்கான வாக்கெடுப்பு 2002இல் நடந்தது. வாக்களித்தோரில் 10 பேருக்கு ஏறத்தாழ மூவர், அவை இருக்கட்டும் என்றே வாக்களித்தனர்.