அரை விரல் நிழல்

காதோரத்தில் தொடங்கிக் கன்ன எலும்புக்கு அடியில் உதட்டு முனையை நோக்கி இறங்கி, பாதி வழியிலேயே காணாமல் போகும் ஒரு நிழல். அகலம் அரை விரல்கூட இராது. கைதேர்ந்தவர் போட்டிருந்தால் நிழல் போட்டிருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றாது. 'இந்தப் பெண்ணுக்குக் கன்னம் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். மேக்கப்காரர்கள் காண்டூர் என்று சொல்லும் வேலைக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. பாராட்டு முழுவதும் எலும்புக்குப் போய்விட வேண்டும்.

பூசுவது என்னவோ வெறும் பவுடர்தான், அல்லது கொஞ்சம் கிரீம். அது எலும்பைத் தூக்குவதில்லை, சதையை அமுக்குவதுமில்லை. மேடும் பள்ளமும் பார்ப்பவரின் மூளைக்குள் உண்டாகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் இதைப் பற்றி 1988-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவர் காட்டியவை சாதாரண வட்டங்கள். மேலே வெளுத்து, கீழே போகப்போகக் கறுக்கும் வட்டம் கண்ணுக்குப் புடைத்துத் தெரிகிறது. அதையே தலைகீழாகத் திருப்பினால் குழியாகிவிடுகிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே விளக்கிலிருந்துதான் வரும் என்று மூளை யாரையும் கேட்காமல் முடிவுகட்டிக்கொள்கிறது.

ஒப்பனைக் கலைஞரின் முதலே இந்த முடிவுதான். ஒளி கூட்டும் ஹைலைட் எங்கே, காண்டூர் எங்கே என்ற பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தலைக்கு மேலே ஒரு விளக்கு எரிவதாக நினைத்துக்கொண்டாலே போதும். அந்த விளக்கைப் பார்த்து நிற்கும் இடங்கள் ஒளி வாங்கும்: கன்ன எலும்பின் மேல்முகடு, மூக்குத் தண்டு, புருவ வளைவின் மேடு, மேலுதட்டின் நடு வளைவு. விளக்குக்கு முகம் திருப்பிக்கொண்ட இடங்கள் இருளும்: கன்னக் குழி, தாடையின் அடி, நெற்றியின் இரு ஓரம், மூக்கின் இரு பக்கம். இவற்றில் ஒன்று வேறொரு விளக்கைக் காட்டிக்கொடுத்தாலும் முகம் குழம்பிவிடும். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அதிகம் இருண்டால், விளக்கு இடப்பக்கம் போய்விட்டதோ என்று பார்ப்பவர் தடுமாறுவார். காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் உறுத்தும்.

இயற்கை இதே வித்தையைத் திருப்பிப் போட்டு ஆடுகிறது. மான் இனங்கள் பலவற்றுக்கு முதுகு அடர்ந்த நிறம், வயிறு வெளுப்பு. மேலிருந்து விழும் வெயில் முதுகை வெளுக்கச் செய்யும், வயிற்றை இருளச் செய்யும். தோலின் நிறம் அதற்கு நேர்மாறாக இருப்பதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். உடலின் திரட்சி மறைந்து, விலங்கு தட்டையாகிப் புதரோடு கலந்துவிடும். அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896-இல் இதை விளக்கி எழுதினார். மான் ஒளிந்துகொள்ளக் கையாளும் கணக்கை, எடுப்பாகத் தெரிவதற்காகத் தலைகீழாக்கினால் அதுவே காண்டூர்.

இனி ரசிக்க வேண்டியது நிழலின் விளிம்பை. ஓவியர்கள் நிழலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பொருள் இன்னொன்றின்மேல் வீழ்த்தும் நிழலுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். பரப்பு தானே வளைந்து வெளிச்சத்தை விட்டு விலகும்போது உண்டாகும் நிழலுக்கு ஓரமே இராது. வெளுப்பு எங்கே முடிந்தது, கருமை எங்கே தொடங்கியது என்று விரல் வைக்க முடியாது. கன்னத்து நிழல் இந்த இரண்டாவது வகை. அதில் ஒரு கோடு தெரிந்துவிட்டால் கண் அதை வளைவாகப் படிக்காது, அழுக்காகப் படிக்கும். ஆகவேதான் பிரஷ் முதலில் காதோரத்தைத் தொடுகிறது. முதல் தொடுகையில்தான் நிறம் அதிகம் இறங்கும். அது தாங்கக்கூடிய இடம் அதுதான். அங்கிருந்து முன்னால் இழுக்க இழுக்க நிறம் வற்றும். கடைக்கண்ணிலிருந்து நேர்கீழே ஒரு கோடு கற்பனை செய்தால், நிழல் அந்தக் கோட்டைத் தாண்டாமல் நின்றுவிட வேண்டும். சரிவிலும் நுட்பம் இருக்கிறது. நிழல் கொஞ்சம் இறங்கிவிட்டால் கன்னம் தொங்கியதுபோல ஆகி, முகத்துக்கு வயது கூடிவிடும்.

நிழல் மினுங்காது. ஆகவே காண்டூர் பவுடரில் மினுக்கு இருக்கக் கூடாது. ஹைலைட் மினுங்கியே ஆக வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிந்த அபிரகத் துகள்கள் அந்த முத்தொளியைத் தருகின்றன. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தலை திரும்பும்போது தெரியும். ஹைலைட் கண்ணாடி மாதிரி. எதிரே உள்ள விளக்குக்கு ஏற்ப அதன் பளிச்சு இடம் மாறும். காண்டூர் எழுதிய எழுத்து. ஒட்டிய இடத்திலேயே நிற்கும். அந்த அசையாமை வெளியே தெரியாத அளவுக்கு நிழலை மெலிதாக்குவதில்தான் கலைஞரின் அடக்கம் இருக்கிறது.

பவுடரே இல்லாமல் விளக்கே இந்த வேலையைச் செய்த காலமும் உண்டு. 1930-இல் வந்த ஜெர்மன் படம் 'தி ப்ளூ ஏஞ்சல்'. அதில் நடிகை மார்லீன் டீட்ரிக்கின் கன்னங்கள் உருண்டையானவை. 1932-இல் ஹாலிவுட்டில் எடுத்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்திலோ கன்ன எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்த, செதுக்கிய முகம். இரண்டையும் இயக்கியவர் யோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க். டீட்ரிக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டதால்தான் அந்தக் குழி என்று ஒரு வதந்திகூட உலவியது. உடல் கொஞ்சம் இளைத்திருந்தார் என்பது மெய். மற்றதெல்லாம் முகத்துக்கு நேர்முன்னே, மிக உயரத்தில் வைத்த விளக்கின் வேலை. அந்த வெளிச்சம் மூக்குக்கு அடியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறு நிழலைப் போடும். கன்ன எலும்புக்கு அடியில் எட்டாமலே நின்றுவிடும். எட்டாத இடம் குழியாகிவிடும். 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்துக்காக ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸ் ஆஸ்கர் பெற்றார். மூக்கு நேராகத் தெரிவதற்காகத் தண்டின்மேல் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று தீட்டினார்கள் என்றும் கதை உண்டு. அது உண்மையானால், விளக்கும் ஹைலைட்டும் ஒரே முகத்தில் கைகோத்த தருணம் அது.

படப்பிடிப்புத் தளத்து விளக்கு வீட்டுக்குக் கூடவே வராது. அதன் விளைவை மட்டும் தோலில் எழுதி எடுத்துப்போவதே காண்டூர். நாடக மேடைக்கும், பெண் வேடமிட்டு ஆடும் டிராக் கலைஞர்களுக்கும் பழக்கமான இந்தக் கலையைச் சாதாரண வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் ஒருவர் ஒப்பனைக் கலைஞர் கெவின் ஆக்வான். அவருடைய 'மேக்கிங் ஃபேசஸ்' என்ற நூல் 1997-இல் வந்தது.

ஆனால் அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதியவை. வெளுத்த தோலில் நிழல் பளிச்சென்று தெரியும். ஒளி அவ்வளவாகத் தெரியாது. மாநிறத்திலும் கருநிறத்திலும் நிலைமை நேர்மாறு. தோலின் மேற்பரப்பில் தெறிக்கும் பளபளப்பு எல்லா நிறத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கருத்த தோல் தன் உள்ளிருந்து குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அதே பளபளப்பு அங்கே பல மடங்கு எடுத்துக் காட்டும். ஆகவே நம் முகங்களுக்கு முதல் கருவி ஹைலைட். அதுவும் பொன்னிறமாகவோ செம்பு நிறமாகவோ இருக்க வேண்டும். வெள்ளி முத்துநிறம் பூசினால் சாம்பல் பூத்துவிடும். நிழலுக்கும் சாம்பல் கலந்த பழுப்பு ஒத்துவராது. அதே தோலின் இரண்டு படி ஆழமான, கொஞ்சம் செம்மை ஏறிய நிறமே இயல்பாக அமரும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் நிழல் தீட்டியவர் யாருமில்லை. கருத்த உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே மூக்கையும் கன்னத்தையும் நமக்குக் காட்டுகிறது.

இதை மறந்து, கல்யாணப் பெண்ணுக்கு முதலில் இரண்டு படி வெளுப்பான பவுண்டேஷனைப் பூசிவிடுகிறார்கள். அந்தக் கணமே தோல் தானாகக் காட்டிக்கொண்டிருந்த மேடு பள்ளம் எல்லாம் அழிந்து முகம் தட்டையாகிறது. அப்புறம் அதை மீட்கக் காண்டூரைத் தீட்டு தீட்டென்று தீட்ட வேண்டியிருக்கிறது. அவள் சொந்த நிறத்திலேயே தொடங்கி, கன்ன முகட்டில் செம்பொன் துளி ஒன்றைத் தொட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு அரை விரல் நிழல் தாராளம்.